சாவிகளின் எண்ணிக்கை

பிப்ரவரி 24, திங்கள்

மண்டல அலுவலகத்தில் மூன்று மணி நேரம். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: தொண்டு நிறுவனம், ஒப்பந்ததாரர். நாங்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. செயற்பொறியாளர் கருணாகரன் சாரிடம் நாலாவது தடவையாக விளக்கினேன். சாந்தோம் கரையோரத்துக் கழிப்பறை மாநகராட்சியுடையது, அதை நடத்துவது நாங்கள். உள்ளே போக யாரும் காசு தர வேண்டாம். ஒட்டினாற்போல நாங்கள் வைத்திருக்கும் டீக்கடையில் வருவதுதான் பதினான்கு பெண்களுக்கும் சம்பளம். இதற்குப் பெயர் சமூக நிறுவனம், சார்.

"லாபமும் உண்டு, சேவையும் உண்டுங்கறீங்க. எனக்குப் புரியுதும்மா, எங்க கம்ப்யூட்டருக்குப் புரியலையே" என்றார். கிண்டல் இல்லை. மனுஷன் நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒப்பந்தம் மார்ச் 31 வரைதான். புதுப்பித்தால் அடையாறு வரை இன்னும் பன்னிரண்டு கழிப்பறைகள் தருவதாகப் பேச்சு. புதுப்பிக்காவிட்டால் இதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் வருவதற்கு முன்னால் நாலு வருஷம் பூட்டியே கிடந்த கட்டடம் இது. மறுபடி அப்படியே போய்விடுமா?

பிப்ரவரி 26

மார்ச் 6, காலை பத்து மணிக்கு ஆய்வு. பெரிய அதிகாரி வருகிறாராம்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. பசி தெரியவில்லை. வியாழக்கிழமை மட்டும்தான் தலைக்குள் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

பதினான்கு பேரில் மூத்தவளான சொர்ணம்மாவும் மற்றவர்களும் நாலு நாளாகத் தேய்க்கிறார்கள். கழுவி முடித்துப் பத்து நிமிடம்தான் சுத்தம். மீன் விற்கும் பெண்கள் வந்து போனால் தரை முழுக்க மணலும் செதிலும் ஈரமும். அதற்குத்தானே கழிப்பறை? சரி. ஆனால் அதிகாரியின் கண்ணில் அந்த மணலும் ஈரமும்தான் படும் என்றால்?

மண்டல அலுவலகத்தில் ஒருவர் போன வாரம் சொன்னார்: "ஆய்வுன்னா காலையிலயே கழுவிப் பூட்டிடுவாங்க மேடம். சார் கார் வந்ததும் திறப்பாங்க." அங்கே சிரித்தேன். இன்று லஸ் முனையில் ஒரு பூட்டு வாங்கினேன்.

கைப்பையில் அதைப் பார்த்ததும் சொர்ணம்மா கேட்டாள்: "இன்னா மேடம் இது? நம்ம எடத்துல பூட்டே கெடயாதுன்னு நீதான சொன்ன? பூட்டிட்டா எங்க ஆளுங்க எங்க போவும்?"

ஒரு நாள்தானே என்றேன். எட்டரைக்குப் பூட்டினால் பத்துக்குத் திறந்துவிடலாம். ஒன்றரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?

மார்ச் 6, வியாழன்

ஆய்வில் பாஸ்.

அதிகாரி வந்தது ஒன்று இருபதுக்கு. பத்து மணியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் "கிளம்பிட்டாங்க" என்றே பதில். சாவி என் கையில். வந்தவர்களிடமெல்லாம் "இதோ, அஞ்சு நிமிஷம்" என்றேன். எத்தனை பேரிடம் சொன்னேனோ. சிலர் படகுகளுக்குப் பின்னால் போனார்கள். பார்த்தேன். பார்த்துவிட்டு போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அவர் உள்ளே இருந்தது மூன்று நிமிடம். "ஈரமே இல்லையே" என்று சந்தோஷப்பட்டார். இதையே முன்மாதிரிக் கழிப்பறையாக அறிவிக்கலாம் என்றார். படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் நோன்பு திறக்கும்போது கணவர் ஹஸன் பேரீச்சம்பழத்தை நீட்டி, "நல்ல சேதிதானே, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். களைப்பு என்றேன். பொய்.

மார்ச் 8, சனி

பஸ் நிறுத்தத்தில் தங்கபுஷ்பம் அக்காவின் இடம் இரண்டு நாளாகக் காலி. அங்கே முப்பது வருஷமாக மீன் விற்கிறாள். சர்க்கரை நோய்க்காரி. காலையில் எங்கள் கழிப்பறைக்கு முதல் ஆளாக வருபவள் அவள்தான். உடம்பு சரியில்லையா என்று சொர்ணம்மாவிடம் கேட்டேன். துடைப்பத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கி பன்னண்டு மணிக்கு வந்து உங்களத்தான் கேட்டுச்சி. அஞ்சு நிமிஷம்னீங்க. சக்கர ஒடம்பு, தாங்கல. பஸ் ஸ்டாப்புலயே பொடவையோட போயிடுச்சி. அத்தினி ஜனம் பாத்துக்கினு கீது. மீன் கூடைய அப்டியே உட்டுட்டு வூட்டுக்குப் போனதுதான், இன்னும் வெளிய வரல."

எப்போதும் என்னை நீ என்பவள். இன்று நீங்க.

சீ. என்கிட்டதானே கேட்டா? யாருன்னு நிமிந்து பாத்தேனா நான்? முகம்கூட ஞாபகம் இல்லையே. அவகூட எத்தனை நாள் உக்காந்து டீ குடிச்சிருக்கேன் —

மார்ச் 9

அவள் வீட்டு வாசல் வரை போனேன். தட்டக் கை வரவில்லை. திரும்பிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஆய்வறிக்கை வந்தது. கூடவே ஓர் உறுதிமொழித் தாள்: "ஒப்பந்தக் காலம் முழுவதும் இக்கழிப்பறை பொதுமக்களுக்குத் தடையின்றித் திறந்திருந்தது." கையெழுத்துப் போட்டால் கோப்பு நகரும். பதின்மூன்று கழிப்பறைகள்.

அறிக்கையில் படம் இருக்கிறது. தரை பளபளவென்று மின்னுகிறது. ஆனால் ஒரு பெண்கூட இல்லை.

மூன்று வருஷம் திறந்து வைத்தோம், அஞ்சு மணி நேரம் பூட்டினோம். அந்த அஞ்சு மணி நேரத்துக்காகப் பன்னிரண்டு இடத்துப் பெண்களும் கஷ்டப்பட வேண்டுமா? இந்த வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து நாளாகத் தூங்காத ஒருத்தி போடுகிற வாதம்.

மார்ச் 17, திங்கள்

கருணாகரன் சாரிடம் சொல்லிவிட்டேன். முழுவதும், தங்கபுஷ்பம் அக்கா உட்பட.

கோப்பை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "நான் கேட்டனாம்மா?" என்றார். "முப்பது வருஷ சர்வீஸ். ஆய்வுக்குப் போன இடத்துல நான் ஈரத்தரையப் பாத்ததே இல்ல. ஏன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

பூட்டியதை எழுதித் தருகிறேன் என்றேன். பன்னிரண்டும் போய்விடும், இருக்கிற ஒன்று நிற்குமா என்பதும் தெரியாது என்றார். எழுதினேன். தேதி போட மறந்திருந்தேன், அவரே தன் பேனாவால் போட்டார்.

"ஒருநாள் நான் மட்டும் வருவேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன்."

மார்ச் 18

பதினான்கு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"பூட்டும்போதும் எங்களக் கேக்கல. இப்ப எழுதிக் குடுக்கும்போதும் கேக்கல" என்றாள் சொர்ணம்மா. "வேல போனா எங்களுக்குத்தான போவும்?"

அரசாங்கம் எங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

மார்ச் 20

தங்கபுஷ்பம் அக்கா வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். வஞ்சிரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 25

சார் வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

கடைசி வேலை நாள். வரமாட்டார் என்றே நினைத்தேன். பதினொன்றே முக்காலுக்கு ஸ்கூட்டரில் தனியாக வந்தார்.

தரை முழுக்க மணல். வாசலில் ஐந்து பெண்கள் வரிசையில். சொர்ணம்மா மாப்பை எடுத்தாள், நான் தடுக்கவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. அவர் ஈரத்தில் செருப்போடு நின்று சுற்றிலும் பார்த்தார். வரிசையின் கடைசியில் தங்கபுஷ்பம் அக்கா. அவளிடம்தானா கேட்க வேண்டும்?

"இது எப்பவும் திறந்திருக்குமாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக.

"ஒரு நாள் தொறக்கல" என்றாள். "மத்தபடி தொறந்துதான் இருக்கும்."

அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். அலுவலகம் விடுமுறை. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. சொர்ணம்மா வழக்கம்போல ஐந்து மணிக்கே வந்து கழுவினாளாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. இந்த ஒன்று மட்டும், ஆறு மாதத்துக்கு. பன்னிரண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அழுகை வந்தது, டீக்கடைக்குப் பின்னால் போய் அழுதேன். இந்தத் தடவை பதினான்கு பேரையும் கேட்டேன். எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நிரப்பித் தர ஒரு படிவம் இணைத்திருக்கிறார்கள். கடைசிக் கட்டம்: நிறுவனத்தின் வசமுள்ள சாவிகளின் எண்ணிக்கை. அன்று திறந்த கையோடு சொர்ணம்மாவிடம் கொடுத்துவிட்ட அந்தப் பூட்டும் சாவியும் எங்கே என்று அவளிடம் கேட்டேன்.

"எங்க வூட்டு மீன்வலைப் பொட்டியில தொங்குது. உனக்கு இன்னாத்துக்கு அது?"

ஒன்றுமில்லை என்றேன். கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.