சித்தி வீட்டுக்குப் போகவேண்டிய கிடாரி

துக்குயு மலையடி,
புதன்கிழமை இரவு

அன்புள்ள மகன் அசாஜிலேவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை துசெகிலே எழுதுகிறாள். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மழைதான் விடவில்லை, துக்குயுவில் அது எப்போது விட்டது. நீ அங்கே தார் எஸ் சலாமில் வேளைக்குச் சாப்பிட்டு, கொசுவலைக்குள் படுத்து, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு அது போதும். துறைமுகத்தில் மூட்டையை ஒரே தோளில் தூக்காதே, மாற்றி மாற்றித் தூக்கு, உன் அப்பாவின் வலது தோள் மழை நாளில் அவரை என்ன பாடு படுத்துகிறது என்று நீயே பார்த்திருக்கிறாய். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, சட்டை அப்பாவின் மேல் இருக்கிறது, கேட்டால் ஒரு நாள் காசு இல்லை என்கிறார், மறுநாள் சார்ஜ் இல்லை என்கிறார். அதனால் விடிவதற்குள் கிளம்புகிற வாழைக்காய் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. வாழை பரவாயில்லை. பீன்ஸ் பூக்கிற நேரத்தில் மழை அடித்து எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. பெரிய மாடு மறுபடி சினை, அது நல்ல சேதி.

கெட்ட சேதியும் இருக்கிறது, மனதைத் திடப்படுத்திக்கொள். நம் கிடாரி கிசா போய்விட்டாள். போன வாரம் என் அக்காள் மகள் பிரசவத்துக்கு நான் போயிருந்த ராத்திரியில் உண்ணிக் காய்ச்சல் கண்டு விழுந்துவிட்டாளாம். நான் திரும்புவதற்குள் அப்பா குழி தோண்டி மூடிவிட்டார், நோய் கண்ட மாடு என்று தோலைக்கூட உரிக்கவில்லை. வரிசைப்படி வீடுகளுக்கு மாடு கொடுக்கிற சங்கத்திலிருந்து பெரிய மாட்டை ஓட்டி வந்த அன்று கயிறு பிடித்தவன் நீதான். அதற்குப் பிறக்கும் முதல் கிடாரிக் கன்றை வளர்த்து, சினையாக்கி, வரிசையில் அடுத்து நிற்கிற வீட்டுக்குக் கொடுப்பேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர் உன் அப்பா. அடுத்து நின்றது பக்கத்து வீட்டு அத்துகானிலே. புருஷன் செத்த பிறகு அவள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போய், தனியாகவே கொட்டகை போட்டு, யானைப்புல் நட்டு, அடுத்த மாதம் கிசா வருவாள் என்று காத்திருந்தாள். சேதி கேட்டதும் முதலில் ஓடி வந்தவளும் அவள்தான், சாவு வீட்டுக்கு வருவதுபோல் தலையில் ஒரு வாழைத்தாரோடு வந்தாள். "அசாஜிலே அம்மா, உங்க கைல வளந்த பிள்ளை அது, உங்களுக்கு இல்லாத துக்கமா எனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் கல்யாணப் பேச்சு, பெண்ணுக்குப் பரிசமாக நாம் கொடுக்கவேண்டிய மாட்டில் வந்து நிற்கிறது. மலைக்குக் கீழே கியேலாவிலிருந்து தும்பேயின் அப்பா ஆள் அனுப்பியிருந்தார். "பையன் தங்கமானவன்தான், ஆனா பையனைக் கட்டிவெச்சுப் பால் கறக்க முடியாதே, மாடு எங்க?" என்று கேட்டாராம். வேறு இடத்திலிருந்தும் அவர்களுக்குப் பேச்சு வந்திருக்கிறது. உன் அப்பாவோ ஞாயிற்றுக்கிழமை மாடு அவர்கள் வாசலில் நிற்கும் என்கிறார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "அது ஆம்பளைங்க பேச்சு, நீ அடுப்பைப் பாரு" என்கிறார். சனிக்கிழமை சங்கம் கூடுகிறது, கிசா எப்படிச் செத்தாள் என்று விசாரிக்கப்போகிறார்கள், அவளைப் பார்த்துக்கொண்டவள் துசெகிலே என்பதால் இவளையும் நிறுத்திக் கேட்பார்களாம். இவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ ஒரு வார்த்தை ஆறுதலாக

அண்ணா, இனி எழுதுவது நான், துசெகிலே. அம்மா பேசிக்கொண்டே இருந்தவள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. விளக்கைத் தணித்து, பெரிய பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். அப்பா வீட்டுக்குள் படுத்திருக்கிறார், நடுவில் முற்றம்தான், மழை கொஞ்சம் குறைந்தால் அவர் இருமுவது இங்கே கேட்கிறது, இருமும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் நேராகச் சொல்கிறேன். கிசா சாகவில்லை.

அன்றைக்கு அம்மா இல்லை. அப்பா வந்து "துசே, எழுந்திரு, வந்து கயித்தைப் பிடி" என்றார். போனால் கொட்டகையில் கியேலா அங்கெதிலே மாமா நிற்கிறார், அவருடைய சின்ன லாரி ரோட்டில் விளக்கணைத்து நிற்கிறது. மாடு விற்கிறோமோ என்று நினைத்தேன். அப்பா கையில் வாழைத்தார் வெட்டுகிற கத்தி இருந்தது. உனக்குச் சங்கத்தின் விதி தெரியும், மாடு செத்தால் எண் வில்லை போட்ட காதைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அப்போதுதான் செத்தது என்று ஒப்புக்கொள்வார்கள். என்னைத் தலையைக் கட்டிப் பிடிக்கச் சொன்னார். "நகம் வெட்டற மாதிரிதான்டி, கண்ணை மூடிக்க" என்றார். நான் மூடிக்கொண்டேன், கிசா மூடவில்லை. அங்கெதிலே மாமா பிடித்தபோது உதைத்தவள் நான் பிடித்ததும் நின்றுவிட்டாள் அண்ணா. நான் பிடித்திருக்கிறேன் என்பதற்காகத்தான் அவள் அசையாமல் நின்றாள். பிறகு காது இருந்த இடத்தில் சாம்பலை அப்பி லாரியில் ஏற்றினார்கள், அவள் கத்தக்கூட இல்லை, பெரிய மாடுதான் கத்தியது, இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. குழிக்குள் இருப்பது வாழை மரத் துண்டுகள். ஞாயிற்றுக்கிழமை தும்பே அண்ணி வீட்டு வாசலில் நிற்கப்போகிற மாடு கிசாதான், அதுவரை அங்கெதிலே மாமா வீட்டில் கட்டியிருக்கிறார்கள்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. உனக்காகத்தான் செய்ததாக அவரே சொன்னார். பெரிய மாட்டின் அடுத்த ஈத்தில் அத்துகானிலே சித்திக்குக் கொடுத்துக்கொள்ளலாம், அவள் இவ்வளவு நாள் பொறுத்தவள், இன்னும் கொஞ்சம் பொறுக்கமாட்டாளா என்கிறார். அது காளைக் கன்றாகப் பிறந்தால் என்று கேட்டேன். "வெளிய வாயைத் தொறந்தேன்னா உன் அண்ணன் கல்யாணமும் போச்சு, என் மானமும் போச்சு, உன் பள்ளிக்கூடமும் போச்சு, யோசிச்சுக்க" என்றார். ஆனால் அவரும் தூங்குவதில்லை அண்ணா. மழை பலமாகக் கொட்டினால் எழுந்து போய்க் குழி மேல் மண் அமுங்கியிருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்க்கிறார், வாழை அழுகினால் மண் உள்ளே இறங்கிவிடும் என்று பயம்.

சங்கத் தலைவி லுகானோ அத்தையை உனக்குத் தெரியுமே, அவளிடம் பருப்பு வேகாது. இலையில் சுற்றிக் கொடுத்த காதை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னப்பா, காது கழுவி வெச்ச மாதிரி இருக்கு, உண்ணி கடிச்ச தடம் ஒண்ணுகூடக் காணோம், எப்படி உண்ணிக் காய்ச்சல் வந்துச்சு?" என்றாள். அப்பா அவசரத்தில் "என் பொண்ணு தினம் உக்காந்து உண்ணி பொறுக்குவா" என்று சொல்லிவிட்டார். "அப்பச் சரி, சனிக்கிழமை அவகிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் உண்மையிலேயே தினமும் பொறுக்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை அதுதான், ஒன்று விடாமல் பொறுக்குவேன். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டதுதான் இப்போது அப்பாவை மாட்டிவிடப் போகிறது.

அதோடு முடியவில்லை. ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று ஒரே பீதி. இருக்கிற வேலையை விட்டுவிட்டு எல்லோரும் மாட்டுக்கு மருந்து அடிக்க ஓடுகிறார்கள். கீழ்வீட்டுத் தாத்தா பயந்துபோய் கறவை மாட்டைக் கறிக்கடைக்காரனுக்கே தள்ளிவிட்டார், இப்போது அவர் வீட்டுப் பிள்ளைகள் பால் இல்லாத டீ குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள், என் வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள் அவர் பேத்தி. நம் வீடு ஏமாற்றியது என்று தெரிந்தால், சங்கத்துக்கு மாடு கொடுக்கிறவர்கள் இந்த ஊருக்கே கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். சித்திக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற வீடுகளுக்கும் இல்லாமல் போகும்.

அத்துகானிலே சித்தி தினமும் வருகிறாள். கிசாவுக்கென்று வளர்த்த யானைப்புல்லை அறுத்துக்கொண்டு வந்து நம் பெரிய மாட்டுக்குப் போடுகிறாள். நேற்று அப்பா அங்கேயே இருந்தார். "எதுக்குச் சிரமம்" என்று முனகினார். அவள் சிரித்தாள். "என்ன செய்றது அண்ணே, மாப்பிள்ளை வீட்ல பந்தல் போட்டாச்சு, பொண்ணு செத்துப்போச்சு, சமைச்ச சோத்தை யாராவது சாப்பிடணும்ல. கொட்டகைல இப்ப என் பசங்கதான் படுக்கறாங்க, வீட்டை விட அது நல்லா இருக்கு, ஒழுகல" என்றாள். அப்பாவும் சிரித்தார், பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலை எதுவும் இல்லாத பக்கமாகப் போனார். சித்தி என் முகத்தைப் பார்த்து, "அழுவாதடி, நீ அதை எப்படிப் பாத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியும், சனிக்கிழமை உன் பக்கம் நான் நிப்பேன்" என்றாள். என் பக்கம். எனக்கு அங்கேயே குழிக்குள் இறங்கிவிடலாம் போல் இருந்தது.

புல் அறுக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன், கழுத்து வீங்கியது, மூச்சு வாங்கியது, வாயில் நுரை வந்தது, விழுந்துவிட்டது என்று. நுரை வரை வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. அண்ணா, அப்பா நான் சொல்லிக் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார், உனக்காகத்தானே செய்தார். வெள்ளிக்கிழமை இது கிடைத்ததும் அவருக்குப் போன் செய். இப்போது மாடு வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், என் சம்பளத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல். நான் எழுதியது தெரிந்தமாதிரி பேசிவிடாதே. தும்பே அண்ணியை எனக்குப் பிடிக்கும், போன பண்டிகைக்கு வந்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டாள், அவள் நம் வீட்டுக்கு வரவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இதை எழுதும்போது உனக்குத் துரோகம் செய்வதுபோலவும் இருக்கிறது, எழுதாவிட்டால் சித்திக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் நிற்கிறார்கள்.

அம்மா விழித்துக்கொண்டாள். "இன்னுமா எழுதறே? இத்தனை பக்கம் நான் எங்கடி சொன்னேன், படி கேக்கலாம்" என்கிறாள்.

அண்ணா, படித்துவிட்டேன். அம்மா சொன்னதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம், அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. நிறுத்தவில்லை. வாய் தானாகப் படித்துக்கொண்டே போய்விட்டது. முடிந்ததும் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். பிறகு "எழுது" என்றாள். அம்மா சொல்வதை எழுதுகிறேன்.

மகனே, எல்லாவற்றையும் கேட்டேன். தோலை ஏன் உரிக்கவில்லை, கறியை ஏன் புதைத்தீர்கள் என்று உன் அப்பாவிடம் நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. எனக்கும் மருமகள் வேண்டும் என்ற ஆசை. நான் லாரிக்காரனிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே கியேலாவுக்கு இறங்குகிறேன். அங்கெதிலே தரமாட்டேன் என்றால் அவன் வாசலில் உட்கார்ந்து தெருவே கூடும்படி ஒப்பாரி வைப்பேன், செத்த மாட்டுக்கு நான் இன்னும் அழவே இல்லையே. கிடாரியை ஓட்டிக்கொண்டு மலை ஏறி வந்து, சனிக்கிழமை சங்கத்தின் முன்னால் அத்துகானிலேயின் கையில் கயிற்றைக் கொடுப்பேன். ஒரு காதோடுதான் கொடுக்கமுடியும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும், உன் தங்கை வாய் திறக்கவேண்டியதில்லை. கீழ்வீட்டுப் பெரியவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. தும்பே வீட்டுக்கு நீ நேரில் போ, ஆள் அனுப்பாதே, மாடு வரும், அடுத்தவள் வாயிலிருந்து பிடுங்காத மாடாக வரும், காத்திருப்பீர்களா என்று கேள். மாட்டேன் என்றால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வா, அதற்காகக் குடிக்கப் போகாதே. அப்பாவுக்கு அவசியம் போன் செய், ஆனால் சண்டைக்கு இல்லை. சனிக்கிழமைக்குப் பிறகு இந்த ஊரில் அவரோடு பேச ஆள் இருக்கமாட்டார்கள், பிள்ளையாவது பேசவேண்டும். கொசுவலையில் ஓட்டை இருந்தால் தைத்துக்கொள். ஆண்டவன் உன் கையையும் காலையும் காத்து, நீ போகும் வழியெல்லாம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
சுபிலாகா

அண்ணா, இது நான். அம்மா கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். நானும் கூடப் போகிறேன், "நீ வந்தாத்தான் அது நடக்கும்" என்கிறாள், மற்றவர்கள் இழுத்தால் கிசா மலை ஏறமாட்டாள், என் குரலுக்குத்தான் நடப்பாள் என்று. அப்பாவை நினைத்தால் இப்போது அவ்வளவு பயமாக இல்லை. கிசாவை நினைத்தால்தான் இருக்கிறது. நான் கூப்பிட்டால் வருவாளா என்று தெரியவில்லை, அன்றைக்கு அவளைப் பிடித்திருந்தவள் நான்தானே.