கெட்ட சேதி எழுத வேண்டாம்

திங்கள்
விடாத மழை. புரோத்ராபூர் ரோடு முழுக்கச் சேறு. எட்டு மைல் நடை. நேற்று முழுக்கப் படுத்தே கிடந்தும் தொடை இரண்டும் கல். எழுந்ததும் நாடி 78. போன மாதம் 60தான்.

சனிக்கிழமை டெஸ்ட். பதினாறு மைல், நாலு மணி நேரத்துக்குள். தேறினால் காட்டிலாகாவில் பாரஸ்ட் கார்டு, நிரந்தர வேலை. தவறினால் பழையபடி டிப்போவில் தினக்கூலிக்கு மரம் உருட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்
லாங் ஐலண்ட் போட் வந்தது. மாமனார் கடிதம்: "இங்கு அனைவரும் நலம்." அவ்வளவே. எப்போதும், பிரசவத்துக்கு அங்கே போயிருக்கும் பார்வதிதான் எழுதுவாள். எட்டு மாதம் அவளுக்கு. ஏன் எழுதவில்லை?

புத்தி கெட்டவன் நான். "டெஸ்ட் முடியும்வரை கெட்ட சேதி எதுவும் எழுத வேண்டாம், மனசு கெட்டால் நடை கெடும்" என்று அவர்களுக்கு எழுதியது நானேதான். இப்போது நல்ல சேதியை நம்ப முடியவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை.

புதன்
நடை இல்லை, ஓய்வு. வாங்க வேண்டியது: கடுகெண்ணெய், ஷூ லேஸ், பிளாஸ்திரி.

வங்காளிக் கம்பவுண்டர் காலை அமுக்கிப் பார்த்தார். "பைர் டீக் ஹை. கர் மே ஸப் டீக்?"
கால் சரியாம், வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்கிறார். டீக் என்றேன். பொய். தூக்கம் வருகிறது என்றேன். அதுவும் பொய். மருந்து தரவில்லை. கால் படுத்திருக்கிறது, மனசு ஓடிக்கொண்டிருக்கிறது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழன்
நாடி 84. ஆறாவது மைலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை.

வெள்ளி
இன்றும் போட் உண்டு. ஜெட்டிப் பக்கமே போகவில்லை. போனால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். பயம். வெறும் பயம்.

சனி
மூன்று மணி ஐம்பத்தேழு நிமிடம். தேறிவிட்டேன். கடைசி இரண்டு மைல் எப்படி வந்தேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் செல்லையா, பார்வதியின் தம்பி. சவரம் செய்யாத முகம்.
"எப்ப வந்தே?"
"நேத்து போட்லயே அத்தான். கூட்டாளி வீட்ல தங்கிட்டேன். நீங்கதான் முடியிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்களே."

கைகால் கழுவிட்டு வாங்க என்றான். கழுவியாயிற்று. என்ன என்று இன்னும் கேட்கவில்லை. உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

வாசலிலிருந்து "அத்தான்" என்று கூப்பிடுகிறான். இரண்டாம் தடவை.