கூடவே வந்த கருகல் நாற்றம்

21-8-1952, வியாழன் இரவு

பள்ளி விட்டதும் நைனாவின் லாரியில் வீட்டுக்கு வந்தேன். பின்னால் கட்டியிருந்த டிரெய்லரில் இரும்புக் கம்பிகள். தண்டையார்பேட்டை தாண்டியதும் ரப்பர் கருகுவது போல நாற்றம் அடித்தது. சொன்னேன்.

"அது தோல் கெடங்கு நாத்தம் கண்ணு."

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் சொன்னேன்.

"இன்னாமே, இந்த ரோட்டுல நாத்தத்துக்கா பஞ்சம்? இது தீப்பெட்டிக் கம்பெனி" என்று சிரித்தார்.

கம்பெனி நாற்றம் என்றால் பின்தங்கிப் போய்விடாதா? இது எங்களோடேயே வந்தது.

ரயில்வே கேட்டில் அவர் பீடி வாங்கப் போனபோது இறங்கி, டிரெய்லர் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம் சாதாரணமாக இருந்தது. இடது பக்கம் விரலைச் சுட்டுவிட்டது. பிரேக் அந்தச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது போல.

"சக்கரம் கொதிக்கிது நைனா."

"வண்டி அடில பூந்தியா? இன்னொரு தபா எறங்கினே, இஸ்கூலுக்கே போவ வேணாம், சொல்ட்டேன்!"

சக்கரத்தை அவர் பார்க்கவே இல்லை. அம்மாவோ, "நைனாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?" என்கிறாள். எரிச்சலாக வருகிறது. விடிந்தால் அதே டிரெய்லரில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு எண்ணூர் போகிறார்.

பள்ளியை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பீப்பாய்களை நினைத்தால் அதைவிடப் பயம்.

நைனா இருமுகிறார். எழுந்துவிட்டார். இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன்.