தரிசாகவே கிடக்கட்டும்

மாடம்பாக்கம்
11.7.95

அன்பு மகள் ஞானசௌந்தரிக்கு அப்பா எழுதுவது. ஐதராபாத்தில் நீ நல்லபடியாக இருக்கவேண்டும் என்று செல்லியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. மாதக் கடைசியில் வாத்தியார் இல்லாமல் நீ தனியாக விமானம் ஓட்டப்போவதாக எழுதியிருந்தாய். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள், நான் உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன், தலைக்கு மேலே போன ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று திடீரென்று சத்தம் அடங்கி, தாழ்ந்து, அகரம்தென்னில் நம் நிலத்தைப் பார்த்துப் போனது. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஒரு கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன், கயிறு எதற்கு என்று இன்னும் தெரியவில்லை. பனைமர உயரத்துக்கு வந்ததும் அது உறுமிக்கொண்டு மேலே போய்விட்டது. நான் பாதி வழியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஏர்ஃபோர்ஸ் தளத்தில் மெக்கானிக்காக இருக்கும் யேசுதாசன் மறுநாள் கேட்டுவிட்டு, இன்னா மொதலாளி இதுக்கா கயித்த தூக்கினு ஓடுனீங்க, அவங்களேதான் இன்ஜின அடக்கி வெச்சி எறங்க எடம் தேடச் சொல்லுவாங்க, அது பாடம் என்று சிரிக்கிறார். பறக்கச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களுக்கே இது பள்ளிக்கூடமாம், இங்கே படித்தவர்கள்தான் உன் மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவார்களாம். நிஜமாகவே நின்றுவிட்டால் என்று கேட்டேன். காலி நிலமாகப் பார்த்து இறக்கவேண்டியதுதான் என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை அம்மா, பயமாக இருக்கிறது.

வெள்ளைக்காரன் யுத்தத்துக்காக இந்த விமானத் தளத்தைப் போட்டபோது நம் கடலைக்கொல்லையை எடுத்துக்கொண்டான், உன் தாத்தா சாகும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது இந்த அகரம்தென் நிலம்தான். சுற்றிலும் பிளாட் போட்டுக் கல் நட்டாகிவிட்டது. நம்முடையதையும் கேட்டு புரோக்கர் அரிகிருஷ்ணன் வந்தான், உன் கல்யாணத்துக்கு ஆகுமே என்று நானும் தலையாட்டியிருந்தேன். நேற்று முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பான். அம்மாவுக்கு என்மேல் ஒரே கோபம். ஆள்விட்டு முள்ளையெல்லாம் வெட்டி, வரப்பையும் வெட்டிச் சமன் செய்துவிட்டேன். யார் பெற்ற பிள்ளையோ, இறங்க ஒரு இடம் இருக்கட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மேலே போகும்போதெல்லாம் காலி நிலம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள், அங்கேயும் யாராவது ஒரு அப்பன் விற்காமல் வைத்திருப்பான். அம்மன் உன்னைக் கைவிடமாட்டாள், தீர்க்காயுசாக இரு. தனியாகப் பறந்து முடித்ததும் இறங்கிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை தந்தி கொடு, மற்றதெல்லாம் நிதானமாக எழுதலாம்.

இப்படிக்கு
உன் தந்தி வரும்வரை வாசலிலேயே நிற்கும் அப்பா
மா. வேதாசலம்