மாமு, காலைக் குடு

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம்.

விடுதிச் சாப்பாடு பழகிவிட்டது.

இன்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் குளம்புப் பரிசோதனை வகுப்பு. கொண்டுவந்த கிழட்டுக் குதிரை யார் தொட்டாலும் உதைத்தது. உங்களைப் போலவே, "மாமு, காலைக் குடு" என்றேன். உடனே கொடுத்தது. லாயத்துக்காரர் சிரித்தார். "இன்னா தம்பி, உங்க வூட்ல குதிரை கீதா?"

இல்லை என்றேன்.

மாலையில் உடற்கூறு வகுப்பில் அறுத்துப் பார்ப்பதற்காக அதைத் துப்பாக்கியால் சுட்டார்கள். எனக்கு அடங்குகிறது என்பதால் கயிற்றை என்னிடமே கொடுத்திருந்தார்கள். பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கேட்காமலே மறுபடியும் காலைத் தூக்கிக் கொடுத்தது.

நம் ஜட்கா வண்டிக் குதிரையை விற்ற அன்று, காட்டுப்பள்ளிக்குப் புல் மேயப் போகிறது என்று தங்கச்சி அஜீசாவிடம் சொன்னீர்கள். அவள் கேட்டால் இன்னும் அங்கேயே மேய்கிறது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது நானும் அதையே சொல்கிறேன்.

உங்கள் மகன்