பாலத்துக்கு எந்தப் பக்கம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்கே நாங்க ரெண்டு பேரும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகணும்னு அடம்பிடிக்குது.

நாங்க எந்த ஊருக்குக் குடி போகலாம்னு நீ மார்க் போட்டு அனுப்பின அட்டவணை வந்து சேர்ந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஊருக்கு முப்பத்தெட்டு மார்க், அந்தப் பக்கத்து ஊருக்கு நாற்பத்தொண்ணு. ஆஸ்பத்திரி எத்தனை தூரம், தண்ணி எத்தனை மணி நேரம் வரும்னு கட்டம் கட்டமா போட்டிருக்கே, நீ கணக்குப் பரீட்சையில வாங்கினதை விட ரெண்டு ஊரும் நல்லாத்தான் வாங்கியிருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரி எப்படின்னு ஒரு கட்டம் போடலையேடி, அவ முகத்துலதானே நான் தினம் முழிக்கணும். அப்பா அதை வாங்கி மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார், இருபத்தாறு வருஷம் அந்தப் பாலத்து மேல பஸ் ஓட்டினவனுக்கு அட்டவணை எதுக்காம். அவருக்குத் தெரிஞ்சது ரெண்டு பஸ் ஸ்டாண்டும் ரெண்டு டீக்கடையும்தான், தெருவுக்குள்ள கால் வெச்சது கிடையாது.

இப்ப இருக்கற வீட்டோட சொந்தக்காரர் இந்த மாசக் கடைசியில காலி பண்ணச் சொன்னதால, போன வியாழக்கிழமை ரெண்டு ஊர் வீட்டையும் ஒரே நாள்ல பார்த்துடலாம்னு கிளம்பினோம். முதல்ல இந்தப் பக்கத்து ஊர். மார்க்கெட் தெருவுல ஒரு தையல் கடைக்குப் பின்னாடி ரெண்டு ரூம், படி கிடையாது, எல்லாம் கூப்பிடு தூரம், ஆனா நாள் பூரா தெருச் சத்தம். வீட்டுக்காரம்மாதான் டெய்லர். என் கைப்பையைப் பார்த்துட்டு இந்த வார் ரெண்டு நாள் கூடத் தாங்காதுன்னு பிடுங்கித் தைச்சே கொடுத்துட்டா, வாய் மட்டும் ஓயல. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உங்கப்பா காதைப் பொத்திக்கிட்டு வெளியே வந்தார். அந்தப் பக்கத்து ஊர் வீடோ தனி வீடு, பின்னாடி எலுமிச்சை மரம், கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு தலை தெரியாது. கடைக்கு ஒண்ணரை மைல் போகணும், அதுக்கு ஸ்கூட்டர்தான் இருக்கேன்னார் அப்பா. மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சரி, இவர் இங்கே குடிவந்தாச்சுன்னு நானும் விட்டுட்டேன்.

திரும்பி வர பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நம்ம பஸ் வந்தா கை காட்டுங்கன்னு சொல்லிட்டு நான் தண்ணி வாங்கப் போனேன். வந்து பார்த்தா நம்ம பஸ் அவர் மூக்குக்கு முன்னாடி நின்னு கிளம்பிப் போகுது, இவர் பாட்டுக்கு வேடிக்கை பார்க்கறார். ரிட்டயர் ஆனா பஸ்ஸை மதிக்கக் கூடாதுன்னு சட்டமான்னு கேட்டேன். அடுத்த பஸ் வந்தப்ப, பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட, இது எங்கேம்மா போகுதுன்னு மெதுவா கேட்டார். அப்புறம் பெஞ்சுல உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார், “எனக்கு போர்டு தெரியல. ஆறு மாசமாவே தெரியல.”

பேப்பர் படிக்காததுக்குச் சோம்பேறின்னு திட்டினது, ஸ்கூட்டரை உருட்டிக்கிட்டு வர்றீங்களேன்னு கேலி பண்ணினது எல்லாம் வரிசையா ஞாபகம் வந்தது. பஸ்ல அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன், டிக்கெட் குடுக்கற ஆள் சிரிச்சான், சிரிக்கட்டும். கண்ணை மூடிக்கிட்டிருந்தவர், சக்கரச் சத்தம் மாறினதும் பாலம் வந்தாச்சுன்னார். பாலம் தாண்டி இந்தப் பக்கத்து ஊர்ல பஸ் நின்னதும், “இங்கேயே இறங்கிடலாம், அந்த வாயாடி அம்மாகிட்ட சாவியைக் கேளு”ன்னார். சாவியை வாங்கியாச்சு, எலுமிச்சை மரத்தைப் பத்தி அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல.

திங்கட்கிழமை அதே மார்க்கெட் தெருவுல இருக்கற கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முன்னாடி போனவர் எழுத்து அட்டையைச் சத்தமா படிச்சதைக் கேட்டு மனப்பாடம் பண்ணி, உங்கப்பா ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சார். டாக்டரம்மா அதுக்குள்ள அட்டையை மாத்தியிருந்தா. ரெண்டு கண்ணுலயும் புரையாம், பயப்பட ஒண்ணும் இல்லை, பன்னிரண்டாம் தேதி முதல் கண்ணுக்கு ஆபரேஷன், நல்லாவே தெரியும்னு சொன்னா. டெய்லரம்மா அன்னிக்குக் கூட வர்றேன்னு அவளாகவே சொல்லியிருக்கா. அதனால லீவு போட்டு ஓடி வராதே. மாப்பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லு, நேரத்துக்குச் சாப்பிடு.

இதை எழுதி முடிச்சதும் அப்பா படிச்சுக் காட்டச் சொன்னார். பஸ் ஸ்டாண்ட் விஷயத்தை மட்டும் விட்டுட்டுப் படிச்சேன். கேட்டு முடிச்சுட்டு, நடுவுல ஒரு பக்கத்தை முழுங்கிட்டியேன்னு சிரிச்சார். அனுப்பு, அவளுக்குத் தெரியட்டும், ஆனா ஞாயிற்றுக்கிழமை போன்ல நானே சொல்றப்ப இப்பதான் கேட்கற மாதிரி கேட்கச் சொல்லுன்னார். மறக்காம அப்படியே கேளும்மா.

ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும்.

உன் அம்மா