பீட்ரூட் விளைந்துவிட்டது

உடுமலைப்பேட்டை,
ஞாயிறு காலை.

ரித்திகா அப்பாவுக்கு அன்புச்செல்வி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அத்தையும் ரித்திகாவும் நலம். உங்கள் சளி விட்டதா? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் மண் என்று வாயெடுத்தாலே நீங்கள் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உங்களோடு வேலை செய்யும் கிளமென்ட் அண்ணன் விடுப்பு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதையும் ஒரு துணிப்பையையும் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகு பையைப் பிரியுங்கள்.

சித்திரையில் விடுப்பு முடிந்து கிளம்பும்போது, டிப்பர் லாரி ஓட்டும் பாலுசாமி அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "நம்ம பொடக்காலி மண்ணுல காரட்டும் பீட்ரூட்டும் வந்துச்சுன்னா, வேலைய எழுதிக் குடுத்துப்போட்டு வந்தர்றேன். அப்பறம் வெவசாயந்தான்" என்றீர்கள். முன்பு மாடி கட்டி முடியட்டும் என்றீர்கள், முடிந்தது. பிறகு ரித்திகா பிளஸ் டூ முடிக்கட்டும் என்றீர்கள். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இப்போது காரட். சரி, இதையும் பார்த்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் பின்னால் இறங்கினேன்.

உங்கள் முதல் யோசனை குளத்து மண். ஊரே குளத்தில் வண்டல் அள்ளித் தோட்டத்தில் கொட்டுகிறது, நாமும் கொட்டுவோம் என்றீர்கள். அவர்களுடையது தண்ணீர் நிற்காத செம்மண், நம்முடையது ஏற்கெனவே சட்டி வனையலாம் போன்ற களிமண் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பாலுசாமி அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டீர்கள். களிமண் மேல் களிமண்ணாக இரண்டு டிப்பர் வந்து இறங்கியது. ஆடியில் விதைத்த காரட்டைப் பிடுங்கினால் ஒன்றுக்கு இரண்டு கால், இன்னொன்றுக்கு மூன்று கால். ஒன்று சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தது. அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஏங்கண்ணு, இது நம்ம பையனாட்டவே இருக்குதே, உக்காந்த எடத்த உட்டு அசைய மாட்டேங்குது" என்றார்கள்.

இரண்டாவது யோசனை, மழை ஈரம் காய்வதற்குள் ஆழமாகக் கொத்துவது. கொத்தினேன். மண் காலோடு அப்பிக்கொண்டு வந்தது. அடுத்து அடித்த வெயிலில் அத்தனையும் கட்டி கட்டியாகக் காய்ந்து, செங்கல் அடுக்கியதுபோல் கிடந்தது. அன்றைக்கு மண்வெட்டியை வீசிவிட்டு அழுதேன். காரட்டுக்காக அழவில்லை.

அத்தைதான் வழி சொன்னார்கள்: "சந்தையில ரெண்டு கிலோ வாங்கியாந்து மண்ணுல சொருகி, போட்டோப் புடிச்சு அனுப்பிப்போடு அம்மணி. அவனென்ன மோந்தா பாக்கப்போறான்?" சிரித்தோம். ஆனால் அன்று மாலை பைக்குள் பணத்தை வைத்துக்கொண்டு சந்தைவரை போய்விட்டேன். ஊட்டிக் காரட் குவியலுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது, பொய்க் காரட் காட்டி வரவழைக்க வேண்டிய நிலையிலா இருக்கிறோம் என்று. தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் உங்களைக் கேட்காமல் மூன்றாம் முறை இறங்கினேன். நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் "மழைங்க, ஒண்ணும் பண்ணலீங்க" என்றேனே, அது பொய். களிமண்ணோடு மல்லுக்கட்டுவதை விட்டு, அதன் மேலேயே முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்திகள் கட்டினேன். மாடி கட்டி மிஞ்சிப்போன ஹாலோபிளாக் கல்தான் சுற்றுச்சுவர். உள்ளே மக்கிய தென்னை நார்க் கழிவு, தொழுவுரம், சருகு, கூடவே நம் மண் கொஞ்சம். பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று அத்தையிடமே கறாராகச் சொல்லிவிட்டேன். நீளக் காரட்டுக்கு ஆசைப்படாமல் குட்டை ரக விதை வாங்கினேன். பீட்ரூட் ஒரு விதையிலிருந்தே மூன்று நான்கு முளைக்கிறது. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி எறிய எனக்கு மனம் வரவில்லை. ரித்திகாதான் கிள்ளினாள்.

முதலில் உங்களைக் கேட்காமல் செய்கிறோமே என்று பயமாக இருந்தது. சில வாரத்தில் அந்தப் பயம் போய்விட்டது. நீங்கள் இல்லாமலே எல்லாம் எனக்குப் பழகிவிடுமோ என்று இப்போது வேறொரு பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

இனிப் பையைப் பிரியுங்கள். காரட் விரல் நீளம்தான், ஆனால் நேராக ஒற்றைக் காலில் வந்திருக்கிறது. பீட்ரூட் உங்கள் கைப்பிடிக்கு நிறையும். தோல் சீவாமல் அப்படியே வேகவையுங்கள். முன்பே சீவினால் நிறமெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

ஒரு பாத்தி பீட்ரூட்டை மட்டும் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். நீங்கள் வந்து பிடுங்க வேண்டும். பொங்கல் தாண்டினால் முற்றி நார் ஓடிவிடும், பிறகு வேகவைத்தாலும் மெல்ல முடியாது. பதிலில் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். வரும் தேதியை மட்டும் எழுதுங்கள்.

அவிநாசியப்பர் உங்களுக்கு நல்ல உடம்பையும், இந்தத் தடவையாவது சாக்குச் சொல்லாத மனதையும் கொடுக்கட்டும்.

பாத்தி ஓரத்தில் காத்திருக்கும்,
செல்வி